கேரில் சர்ச்சிலை எந்த நாடகத்திலிருந்து தொடங்கலாம்? நான்கு நாடகங்கள், ஓர் ஒப்பீடு

"கேரில் சர்ச்சிலைப் படிக்க வேண்டும், எதை முதலில் எடுக்கட்டும்?" என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை தொடங்கி, பத்துப் பக்கத்தில் விட்டவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் 'டாப் கேர்ள்ஸ்' என்பதால் அதையே வாங்கி, தனியாக உட்கார்ந்து, நாவலைப் போல மனசுக்குள் படித்திருக்கிறார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசும் காட்சி அது. தாளில் யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்றே பிடிபடாது.

சர்ச்சில் 1938இல் லண்டனில் பிறந்த பிரிட்டிஷ் பெண் நாடகாசிரியர். 1960களில் பிபிசி வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். 1972இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடி மேடையில் அவருடைய 'ஓனர்ஸ்' நாடகம் வந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல், ஒரு நாடகத்தின் வடிவத்தை அடுத்ததில் திரும்பப் பயன்படுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். வானொலியில் பழகிய காதுதான் அவரை இப்படி எழுத வைத்தது என்று எனக்குத் தோன்றும். பாதியில் நிற்கும் வாக்கியம், பதில் வராத கேள்வி, இன்னொருவர் பேச்சின் மேல் ஏறும் பேச்சு எல்லாமே வாய்விட்டுப் படித்தால்தான் உயிர் பெறுகின்றன.

அதனால் எந்த நாடகம் பெரியது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, உங்களோடு உட்கார்ந்து படிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் குரல். இரண்டு பேர் போதுமா, ஏழு பேர் வேண்டுமா? அடுத்தது நேரம். ஒரே அமர்வில் முடிவது ஒன்று, இரண்டு மாலை கேட்பது இன்னொன்று. மூன்றாவது, முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. சில நாடகங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். சிலவற்றுக்கு 1979இல் மார்கரெட் தாட்சர் பிரதமரான பிறகு பிரிட்டன் எப்படி மாறியது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும். நான்காவதைத்தான் பலர் யோசிப்பதில்லை: மேடையில் கண்ணுக்குத் தெரிவதில் எவ்வளவு தாளில் காணாமல் போகிறது?

மேடையேற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சர்ச்சிலின் நாடகங்கள் எல்லாம் காப்புரிமை உள்ளவை. கட்டணம் வாங்காமல் நடத்தினாலும் அனுமதி தேவையா என்று முதலில் விசாரித்துவிட வேண்டும். தமிழில் மொழிபெயர்த்துப் போடுவதென்றால் மொழிபெயர்ப்புக்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அரங்கு பதிவு செய்வதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள்.

| நாடகம் | முதல் மேடையேற்றம் | எத்தனை நடிகர்கள் | ஏறத்தாழ எவ்வளவு நேரம் |
|---|---|---|---|
| எ நம்பர் | 2002 | 2 ஆண்கள் (4 பாத்திரங்கள்) | 1 மணி நேரம் |
| ஃபார் அவே | 2000 | 3 பேர், ஒரு சிறுமி, ஊர்வலத்துக்கு ஆட்கள் | 50 நிமிடம் |
| எஸ்கேப்டு அலோன் | 2016 | 4 பெண்கள் | 55 நிமிடம் |
| டாப் கேர்ள்ஸ் | 1982 | 7 பெண்கள் (16 பாத்திரங்கள்) | 2 மணி நேரத்துக்கு மேல் |

நான்குமே லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறியவை. 'கிளவுட் நைன்' ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். அதில் ஒரு மனைவி பாத்திரத்தை ஆண் நடிக்கிறார், பையன் பாத்திரத்தைப் பெண் நடிக்கிறார், குழந்தைக்குப் பதில் ஒரு பொம்மை இருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்காமல் அந்த நாடகத்துக்குள் நுழைவது கஷ்டம். எங்காவது மேடையில் வந்தால் விடாதீர்கள். முதல் புத்தகமாக வேண்டாம். இனி வருவதில் கதை முடிச்சுகள் அவிழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எ நம்பர்: இரண்டு பேர் இருந்தால்

டாலி என்ற செம்மறியாடு, இன்னோர் ஆட்டின் மரபணு நகலாக (குளோன்), பிறந்தது 1996இல். ஆறு ஆண்டு கழித்து சர்ச்சில் இதை எழுதினார். முதல் மேடையேற்றத்தில் அப்பாவாக மைக்கேல் கேம்பன், மகன்களாக டேனியல் கிரேக். இயக்கியவர் ஸ்டீபன் டால்ட்ரி.

சால்டர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய மகன் பெர்னார்டுக்கு 35 வயது. தன்னைப் போலவே அச்சு அசலாக இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அவனுக்கு ஆஸ்பத்திரியில் தெரிந்துவிடுகிறது. அப்பாவின் புத்தி உடனே நஷ்ட ஈட்டுக்குப் போகிறது. உன்னைத் திருடியிருக்கிறார்கள், வழக்குப் போட்டால் தலைக்கு இவ்வளவு கிடைக்கும் என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உண்மை வெளியே வருகிறது. முதலில் ஒரு மகன் இருந்தான். தாய் தற்கொலை செய்துகொண்ட பிறகு அப்பா அவனைச் சரியாக வளர்க்கவில்லை, வெளியே அனுப்பிவிட்டார். அப்புறம் அதே பையனின் நகலை வாங்கி, முதலிலிருந்து ஒழுங்காக வளர்த்திருக்கிறார்.

அறிவியலைப் பற்றிய நாடகம் என்று நினைத்து எடுப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. ஐந்து காட்சிகளும் சால்டர் வசிக்கும் இடத்தில்தான் நடக்கின்றன, அந்த இடம் எப்படி இருக்கும் என்றுகூட சர்ச்சில் எழுதவில்லை. இருப்பது அப்பாவும் மகனும் மட்டும். இரண்டாம் காட்சியில் அந்த முதல் மகன், இப்போது நாற்பது வயதுக்காரன், வந்து கேட்பது ஒன்றுதான்: சின்ன வயதில் ராத்திரி இருட்டில் நான் படுக்கையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பேனே, உனக்குக் கேட்டதா, இல்லை நீ வீட்டிலேயே இல்லையா? அப்பா நேரான பதில் சொல்வதில்லை. நான் படித்த எந்த நாடகத்திலும் ஒரு குழந்தையின் புகார் இவ்வளவு எளிய சொற்களில் இவ்வளவு கனமாக வந்து பார்த்ததில்லை.

மறைந்திருக்கும் சிரமம் இரண்டு. நிறுத்தற்குறிகள் அநேகமாக இல்லை. கேள்வி எங்கே முடிகிறது, மறுப்பு எங்கே தொடங்குகிறது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் படித்தால் முதல் இரண்டு பக்கமே களைப்பாக்கும். வாய்விட்டுப் படித்தால் மூன்றாவது பக்கத்தில் மூச்சு தானாக இடம் பார்த்து நிற்கும். இரண்டாவது, மூன்று மகன்களையும் ஒரே நடிகர் நடிக்க வேண்டும் என்பதில்தான் நாடகமே இருக்கிறது. தனியாகப் படிப்பவருக்கு அது வெறும் பெயர் மாற்றம். எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒரே குரலில் பயந்தவனையும் கோபக்காரனையும் படிக்கும்போதுதான் அது உறைக்கும்.

கடைசிக் காட்சியில் மூன்றாவது மகன் வருகிறான், அப்பாவை அறியாமல் வேறெங்கோ வளர்ந்தவன். கணக்கு வாத்தியார், மூன்று குழந்தைகள். உன்னிடம் உனக்கே உரியதாக என்ன இருக்கிறது, சொல் என்று கிழவர் கெஞ்சுகிறார். அவன் மனைவியின் காதைப் பற்றிப் பேசுகிறான். கீரையோடும் நமக்கு மரபணுவில் முப்பது சதவீதம் ஒற்றுமை, அது எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான். நீ சந்தோஷமாகத்தான் இருக்கிறாயா என்று கடைசியில் கேட்டால், ஆமாம் என்று சொல்லி, அதற்காக வருத்தமும் தெரிவிக்கிறான்.

தலைப்பைத் தமிழில் என்ன செய்வது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'சில பேர்' என்றும் படும், 'ஓர் எண்' என்றும் படும். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை.

யாருக்கு: கணவன் மனைவி, இரண்டு நண்பர்கள், அப்பாவும் மகனும், யாராக இருந்தாலும் இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் இருந்தால் இதுதான். சர்ச்சிலை இதிலிருந்தே தொடங்குங்கள் என்று பெரும்பாலும் நான் சொல்வது இதனால்தான். முன்தகவல் எதுவும் வேண்டாம், செலவும் இல்லை, அவருடைய பேச்சு நடை காதில் ஏறிவிடும்.

ஃபார் அவே: இயக்குநராக யோசிப்பவருக்கு

மூன்று பகுதிகள். ஜோன் என்ற சிறுமி பெரியம்மா ஹார்ப்பர் வீட்டில் தங்கியிருக்கிறாள். ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து வந்து, ஒரு சத்தம் கேட்டது என்கிறாள். ஆந்தை என்கிறாள் பெரியம்மா. நான் வெளியே போய்ப் பார்த்தேன் என்கிறாள் குழந்தை. அதற்கு ஒரு பதில். தரையில் ரத்தம் இருந்தது என்கிறாள் குழந்தை. நாய் அடிபட்டுவிட்டது என்கிறாள் பெரியம்மா. கொட்டகைக்குள் பெரியப்பா ஆட்களை அடித்துக்கொண்டிருந்தார் என்கிறாள் குழந்தை. இந்த இடத்தில் ஹார்ப்பர் பொய்யை மாற்றிக்கொள்கிறாள்: அவர்கள் துரோகிகள், பெரியப்பா மற்றவர்களைக் காப்பாற்றுகிறார், இப்போது இது உனக்கும் தெரிந்துவிட்டதால் நீயும் இந்த நல்ல காரியத்தில் ஒருத்தி. ஒரு குழந்தையைக் கூட்டாளியாக்குவது எப்படி என்பதை இந்தச் சில பக்கங்களில் படி படியாகப் பார்க்கலாம்.

இரண்டாம் பகுதியில் ஜோன் வளர்ந்து தொப்பி செய்யும் வேலைக்கு வருகிறாள். அவளும் டாட் என்ற சக தொழிலாளியும் நாளுக்கு நாள் பெரிதாக, வினோதமாகத் தொப்பிகளைச் செய்துகொண்டே சம்பளத்தைப் பற்றியும் மேலிடத்து ஊழலைப் பற்றியும் பேசுகிறார்கள். பிறகு ஊர்வலம். அந்தத் தொப்பிகளை அணிந்துகொண்டு சங்கிலியில் பிணைத்த கைதிகள் சாகப் போகிறார்கள். தொழிலாளர் உரிமையைப் பற்றி அவ்வளவு பேசிய இருவரும் கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உடல்களோடு தொப்பிகளும் எரிந்துபோவதுதான் ஜோனுக்கு வருத்தம். மூன்றாம் பகுதியில் உலகமே போரில் இருக்கிறது. பூனைகள் ஒரு நாட்டுப் பக்கம், வானிலைகூட ஒரு பக்கம்.

இதில் செலவு எங்கே என்றால், ஊர்வலத்தில். சர்ச்சிலின் குறிப்பு ஐந்து பேர் போதாது, பத்தைவிட இருபது நல்லது என்று போய், நூறு பேர் இருந்தால் என்ன என்று கேட்கிறது. மூன்று நடிகர்கள்தானே என்று எடுத்த குழு இங்கே வந்து திகைக்கும். ஆட்கள் மட்டுமில்லை, அத்தனை தலைக்கும் தொப்பி வேண்டும், அதுவும் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. பள்ளியோ கல்லூரியோ கையில் இருந்தால் இதுவே வரமாகிவிடும். வசனம் வராதவர்களுக்கும் மேடையில் இடம் கிடைக்கும், ஓவிய வகுப்புக்கு ஒரு மாத வேலை இருக்கும்.

தனியாகப் படிப்பவருக்கான எச்சரிக்கையும் இதே இடத்தில்தான். தாளில் அந்த ஊர்வலம் ஓரிரு வரி. கண் தாண்டிப் போய்விடும். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வரிசை கடந்துபோக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருங்கள்.

எஸ்கேப்டு அலோன்: வயதில் மூத்த நான்கு பெண்கள்

நான்கு பாத்திரங்களுமே எழுபது வயதாவது ஆனவர்கள் என்று சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். இதை எழுதியபோது அவருக்கே எழுபத்தைந்துக்கு மேல். ஒரு வீட்டுத் தோட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, வேலிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து மிஸஸ் ஜாரட் உள்ளே வருகிறாள். பேரன் பேத்திகள், தெருவில் முன்பு எந்தக் கடை எங்கே இருந்தது, இப்படிப் பேச்சு போகிறது. நடுநடுவே மிஸஸ் ஜாரட் தனியாக வந்து நின்று உலகம் அழிந்த கதையைச் சொல்கிறாள், செய்தி வாசிப்பது போல. உணவில் எண்பது சதவீதத்தைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் திருப்பிவிட்டதால் பஞ்சம் வந்ததாம். அப்புறம் திரும்பத் தோட்டத்துக்கு, திரும்ப அரட்டை.

இங்கே ஒருவரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. பல வருஷம் பழகியவர்களுக்குப் பாதி போதும். ஐம்பது ஆண்டு ஒரே தெருவில் இருந்தவர்கள் திண்ணையில் பேசுவதைக் கேட்டிருந்தால் இந்த நடை உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆனால் தாளில் வேகமாகப் படித்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஒருத்தி கணவனைக் கொன்று சிறைக்குப் போய் வந்தவள், ஒருத்திக்குப் பூனை என்றாலே உயிர் நடுக்கம், ஒருத்தி வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் தவிப்பவள். எல்லாம் அரட்டைக்கு அடியில்தான் இருக்கிறது.

இளைஞர் குழு இதை எடுக்க வேண்டாம். இருபது வயதுப் பெண் நரைமுடி வைத்துக்கொண்டு நடித்தால் நாடகத்தின் பாதி போய்விடும். அம்மாவும் அத்தையும் அவர்கள் தோழிகளும் படிக்கத் தயாராக இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல நாடகம் எனக்குத் தெரியாது. வயதான நடிகைக்கு இப்படிப்பட்ட வேலையை யாரும் அடிக்கடி தருவதில்லை.

டாப் கேர்ள்ஸ்: ஏழு பெண்களும் இரண்டு மாலையும்

மார்லீன் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக உயர்ந்ததைக் கொண்டாட உணவகத்தில் விருந்து வைக்கிறாள். வருபவர்கள் காலம் கடந்தவர்கள்: உலகம் சுற்றிய விக்டோரியா காலத்து இசபெல்லா பேர்ட், 13ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அரண்மனையில் இருந்து பின்னர் பிக்குணியான நீஜோ, ஆண் வேடத்தில் போப் ஆனதாகச் சொல்லப்படும் ஜோன், ஓவியர் புரூகலின் படத்தில் கவசம் போட்டு நரகத்துக்குள் படையெடுக்கும் கிரெட், பழங்கதையில் கணவன் என்ன செய்தாலும் பொறுத்துப்போன கிரிசெல்டா.

இந்த விருந்துதான் பலரை விரட்டியடிக்கிறது. முதலில் இந்த ஐந்து பேரும் யாரென்று தெரிய வேண்டும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்தது சாய்கோடுகள். ஒருவர் வசனத்தின் நடுவே ஒரு சாய்கோடு இருந்தால் அடுத்தவர் அங்கேயே பேசத் தொடங்க வேண்டும், முதலாமவரும் நிறுத்தக் கூடாது. நட்சத்திரக் குறி இருந்தால், இந்த வசனம் அதற்கு முன்னாலேயே வந்த வேறொரு வசனத்துக்குப் பதில். நாங்கள் முதல் முறை படித்தபோது ஆளுக்கொரு வண்ணப் பென்சில் எடுத்து, அவரவர் நுழையும் இடத்தைக் கோடு போட்டுக்கொண்டோம். விருந்துக் காட்சியை முடிக்கவே ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. அந்தச் சிரமம் வீண் போகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் காது ஒன்றைக் கவனிக்கிறது: இவர்கள் யாரும் அடுத்தவள் சொல்வதைக் கேட்கவில்லை. ஒருத்தி இழந்த குழந்தையைப் பற்றிச் சொல்கிறாள், அடுத்தவள் தன் கதைக்குத் தாவிவிடுகிறாள். காட்சி முழுக்க ஒன்றிரண்டு சொல்லோடு சாப்பிட்டுக்கொண்டு, பாத்திரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த கிரெட் கடைசியில்தான் வாய் திறக்கிறாள். படை வந்து தன் பிள்ளைகளைக் கொன்றதையும், ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு நரகத்துக்குள் போனதையும் சொல்கிறாள். எங்களில் கிரெட் பாத்திரம் கிடைத்தவர், தனக்கு வசனமே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

விருந்துக்குப் பிறகு நாடகம் எளிதாகிறது. அலுவலகம், நேர்காணல்கள், ஒரு கிராமத்து வீட்டுக் கொல்லை. பதினாறு வயது ஆங்கி, படிப்பு ஏறாதவள், 'சித்தி' மார்லீன்தான் தன் அம்மா என்று நம்புகிறாள். அவளை வளர்ப்பவள் மார்லீனின் அக்கா ஜாய்ஸ், நாலு வீடு துடைத்துப் பிழைப்பவள். ஆங்கி யாரிடமும் சொல்லாமல் லண்டன் வந்து அலுவலகத்தில் நிற்கிறாள். இந்தப் பெண் தேற மாட்டாள் என்று மார்லீன் அமைதியாகத் தீர்ப்புச் சொல்கிறாள். கடைசிப் பகுதி இதற்கெல்லாம் ஒரு வருஷம் முன்னால் நடக்கிறது. அக்காவும் தங்கையும் விஸ்கி குடித்துக்கொண்டு, யார் போனது, யார் இருந்தது, யார் யாருக்குக் கடன்பட்டது என்று சண்டை போடுகிறார்கள். தாட்சரும் அந்தச் சண்டைக்குள் வருகிறார். திறமை இருப்பவர்கள் முன்னேறலாம் என்பது மார்லீன் கட்சி. அப்போது ஆங்கி என்ன ஆவாள் என்று ஜாய்ஸ் கேட்கிறாள்.

மேடையேற்ற நினைப்பவர்களுக்கு: ஏழு நல்ல நடிகைகள் வேண்டும், ஒருவர் சுமாராக இருந்தாலும் விருந்து தடுக்கி விழும். வழக்கமான நாடகத்தைவிட ஒத்திகைக்கு இரண்டு மடங்கு நாள் வையுங்கள். 1982இல் மேக்ஸ் ஸ்டாஃபோர்ட் கிளார்க் இயக்கியபோது டெபோரா ஃபிண்ட்லே இசபெல்லாவாகவும் ஜாய்ஸாகவும் நடித்தார். 34 ஆண்டு கழித்து 'எஸ்கேப்டு அலோன்' தோட்டத்தில் பூனைக்குப் பயப்படும் சாலியும் அவர்தான்.

ஏழு பேர் இல்லையே என்று இதைத் தள்ளிப் போடவும் வேண்டாம். கடைசிப் பகுதிக்கு இரண்டு பேர் போதும், ஆங்கியின் சில வரிகளை யாராவது சேர்த்துப் படித்துவிடலாம்.

புத்தகம் வாங்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. நிக் ஹெர்ன் வெளியிட்ட சர்ச்சில் நாடகத் தொகுதிகளில் நான்காவதில் 'ஃபார் அவே', 'எ நம்பர்' இரண்டும் இருக்கின்றன. ஐந்தாவதில் 'எஸ்கேப்டு அலோன்' இருக்கிறது. 'டாப் கேர்ள்ஸ்' மெத்துவன் பதிப்பகத்தின் சர்ச்சில் தொகுதிகளில் இரண்டாவதில் இருக்கிறது, மாணவர் பதிப்பாகத் தனியாகவும் கிடைக்கிறது. அந்த விருந்தாளிகள் யாரென்று தேடும் வேலையை மாணவர் பதிப்பின் குறிப்புகள் மிச்சப்படுத்தும். இரண்டு பேர் படிக்கப் போகிறீர்கள் என்றால் நான்காம் தொகுதியை வாங்குங்கள்.

நானும் என் அக்காவும் 'டாப் கேர்ள்ஸ்' கடைசிப் பகுதியை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படித்தோம். நான் வேலைக்கு வெளியூர் போனவள். அவள் ஊரில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அவளாகவே ஜாய்ஸை எடுத்துக்கொண்டாள். முதல் பக்கத்திலேயே மார்லீன் வாங்கி வந்த பரிசுகள் பிரிபடுகின்றன. ஆங்கிக்கு ஒரு புது உடை. அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து காட்டுகிறாள். படித்து முடித்ததும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் என்ன நடந்தது என்று நான் வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தேன். அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பின்னோக்கிப் புரட்டி, கொல்லைப்புறக் காட்சியை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மெதுவாகப் படித்தாள். ஒரு வருஷம் கழித்து ஆங்கி ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கொல்லப் போகிறேன் என்கிறாள். அப்போது போட்டிருப்பது அதே உடை. அளவு பத்தவில்லை.

"இது அந்த உடைதானே?" என்று அக்கா கேட்டாள்.